ரேக் காலியா?

எனக்கு முகம் ஞாபகம் இருக்காது. கால்தான் ஞாபகம் இருக்கும். அருவி பார்க்க வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைப்பது என் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே கிடப்பவளுக்கு முகம் எங்கே தெரியும்? குதிகால் வெடித்தவர், நகத்துக்குச் சாயம் பூசிவிட்டு விரலிடுக்கில் அழுக்கை விட்டவர், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து ஒற்றைச் செருப்பை மட்டும் தேய்த்து வைத்திருப்பவர் என்று காலை வைத்தே ஆளை எடைபோடுவேன். பெரும்பாலும் தப்பாது.

அருவிக்கு இறங்கும் படிகள் பாறையிலேயே வெட்டியவை. எந்நேரமும் சாரல் அடிப்பதால் பாசி படிந்து வழுக்கும். செருப்போடு இறங்கினால் பல்லைப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அதனால் மேலே கேட்டுக்குப் பக்கத்திலேயே கழற்றி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். நான் ஒரு தகர வில்லையைக் கயிற்றோடு மணிக்கட்டில் கட்டிவிடுவேன். ஏறி வந்ததும் வில்லையைக் கொடுத்துவிட்டுச் செருப்பை வாங்கிக்கொள்வார்கள். ஆள் கீழே இருக்கிறவரை ரேக்கில் செருப்பின் முனை சுவரைப் பார்த்திருக்கும். படியில் ஈரக்கால் சத்தம் கேட்டதும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்பேன். வருகிறவர் அலுத்துப்போய் வருவார், குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு போகட்டுமே. "மகாராஜா ஏறி வர்றாரு, திருப்பி வை, திருப்பி வை" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அவர்தான் அப்போது கேட் காவல். சாயங்காலம் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரேக் காலியா?" என்று குரல் கொடுப்பார். "காலி" என்று நான் சொன்னால்தான் மூடுவார். ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் மூடமாட்டார், இறங்கிப் போய்த் தேடுவார். செருப்பு இருந்தால் ஆள் இருக்கிறது. இந்த விஷயத்தில் அவரிடம் யாருடைய பேச்சும் எடுபடாது. மலை மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே அருவி பெருகும், சொல்லாமல் கொள்ளாமல் வரும். அதற்குள் எல்லோரையும் மேலே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நினைப்பு.

சில மழைக்காலங்களுக்கு முன்னால் ஒரு நாள் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. மஞ்சள் பூ வைத்த பெண்கள் செருப்பு. "காலி இல்லைங்க" என்று சொன்னேன். அவர் தன் செருப்பைக் கழற்றிக் கடைசித் தட்டில் வைத்துவிட்டு இறங்கினார். டயரில் செய்த கறுப்புச் செருப்பு. இடது வார் அறுந்து, பச்சை நைலான் நூலால் அவரே தைத்தது. அவர் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறமானது. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அருவியடியில் இருக்கும் மடுவில் ஆட்கள் நாள்கணக்கில் முங்கித் தேடினார்கள். அது அவரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் ஒருத்தி வந்து நின்றாள். "இங்க மஞ்சப் பூ வச்ச செருப்பு ஒண்ணு விட்டேங்க. பழசுதானேன்னு திரும்பி வாங்காம வெறுங்காலோட வண்டியில ஏறிட்டேன். இருக்கா?" என்று கேட்டாள். கீழே யாருமே இருந்திருக்கவில்லை. இல்லாத ஒருத்தியைத் தேடிப்போய் என் மனுஷன் செத்திருக்கிறார். அவள் முடியைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பக்கத்து டீக்கடைக்காரி சர்க்கரை ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். டீயில் சர்க்கரையை வாரிக் கொட்டுவதால் அவளுக்கு அந்தப் பெயர். மற்றபடி வாயைத் திறந்தால் மிளகாய்தான்.

இப்போது கேட் காவல் என் மகன். "இந்த வேலை வேண்டாம்டா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "அப்பா நின்ன இடத்துல வேற ஒருத்தன் நிக்கிறத என்னால பாக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டான். நல்ல உயரம், எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் மட்டும் அப்படியே அப்பனுடையது. தினமும் சாயங்காலம் முதுகுக்குப் பின்னால் "ரேக் காலியா?" என்று கேட்கும். காலி என்று சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது. எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

இந்த மழைக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் அது முதல்முதலாக வந்தது. கடைசிக் கூட்டம் ஏறிப் போய்விட்டது. வில்லைகள் எல்லாம் ஆணியில் தொங்கின. தரையைக் கூட்டிவிட்டு நிமிர்ந்தால் கடைசித் தட்டில் கறுப்பாக ஒரு ஜோடி இருந்தது. டயர் செருப்பு, பச்சை நூல். முனை சுவரைப் பார்த்திருந்தது. தொட்டேன். சொட்டச் சொட்ட ஈரம்.

அந்தச் செருப்பு எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில், பையில் முடிந்து தொங்குகிறது. நான்தான் முடிந்து மாட்டினேன். யாராவது விளையாடுகிறார்களா? சர்க்கரை வாய்த்துடுக்குக்காரிதான், ஆனால் இப்படிச் செய்ய அவளுக்கு மனசு வராது.

"ரேக் காலியா?" என்று மகன் கேட்டான்.

செருப்பை நான் உட்காரும் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டு, "காலி" என்றேன்.

வீட்டுக்குப் போனதும் விளக்கைக்கூடப் போடாமல் பையைத் தடவினேன். நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. பை தட்டையாகக் கிடந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. "என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று மகன் கேட்டான். "உன் மூஞ்சியைப் பாத்ததுலதான்" என்று எரிந்து விழுந்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவன் கேட்டைத் திறந்து இறங்கியபோது, பாறைக்குப் பின்னால் ஒரு குடிகாரன் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கிடந்தானாம். தோளில் தாங்கிக் கொண்டுவந்து சர்க்கரை கடையில் உட்கார வைத்தான். "செருப்பு எங்கய்யா?" என்று நான் அதட்டினேன். "செருப்புப் போடுற பழக்கமே நமக்கு இல்ல தாயி" என்றான். "உனக்குக் குடிக்கிற பழக்கம் மட்டும்தான் இருக்கு" என்று சர்க்கரை சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். புத்திகெட்டவள்.

சாக்குக்கு அடியில் செருப்பு இல்லை. வீட்டில் பை மறுபடியும் கனத்துத் தொங்கியது. முடிச்சை அவிழ்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நாள் எதுவும் இல்லை. நானும் எல்லாம் மனப்பிரமை என்று தேற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரு மப்பான சாயங்காலம், அதே தட்டில், அதே ஈரத்தோடு. இந்தத் தடவை பயத்தைவிடக் கோபம்தான் மூக்குக்கு மேல் வந்தது. செருப்பைக் கையில் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு, போனில் பேசுகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

"யோவ், உனக்கு அறிவிருக்கா? நீ போனது பத்தாதா? இதை இங்க வச்சா அவன் இறங்குவான்னு உனக்குத் தெரியாதா? பெத்த புள்ளையவா கூப்பிடுறே? நான் உசுரோட இருக்கிறவரைக்கும் அது நடக்காது, சொல்லிட்டேன்."

மகன் கேட்டான். காலி என்றேன். அவன் மூடிவிட்டு முன்னால் நடந்ததும், செருப்போடு ஒரு கல்லை வைத்துத் துணியில் கட்டி, பாலத்தின் மேலிருந்து ஆற்றில் எறிந்தேன். ஒரே பாரமாக முங்கியது.

மறுநாள் ஒரு போட்டோகாரன் வந்து என்னிடம் சண்டைக்கு நின்றான். முந்தின நாள் படம் எடுத்துக்கொண்டு நின்றவனை உள்ளே வைத்தே பூட்டிவிட்டோமாம். இருட்டில் தட்டுத்தடுமாறி ஏறி, கேட் மேல் ஏறிக் குதித்ததில் முழங்காலில் தோல் பெயர்ந்துவிட்டதாம். அவனுடைய பூட்ஸ் இரண்டும் லேஸில் முடிந்து கழுத்தில் தொங்கின. "அதை இங்க குடுத்திருந்தா நீ உள்ள இருக்கிறது எனக்குத் தெரிஞ்சிருக்கும். கழுத்துல மாட்டிக்க அது என்ன நகையா?" என்று நானும் விடவில்லை. நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே ஏறவில்லை. செருப்பை எறிந்த கவலையிலேயே இருந்தேன். வீட்டில் பை கனமாகத் தொங்கியது, கீழே தரையில் ஒரு சின்ன ஈரவட்டம் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த விடுமுறை நாளில் கூட்டம் அள்ளிக்கொண்டு போனது. ரேக் நிரம்பித் தரையிலும் வரிசை வைத்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். புருஷனுக்கு வெள்ளை வெளேரென்று புது ஷூ. கழற்றினான், ஆனால் என்னிடம் கொடுக்கவில்லை.

"இதைப் போய் இந்தக் குப்பையில வைக்கிறதா? பையில போடு" என்று அவளிடம் சொன்னான்.

"குப்பையா? உன் கால் வச்ச எடத்தைவிட என் ரேக் சுத்தம்யா" என்றேன்.

"வாங்க, அந்தம்மாகிட்ட எதுக்கு வம்பு" என்று அவள் தன்னுடையதையும் பையில் போட்டுக்கொண்டு அவனை இழுத்துப் போனாள். அதற்குள் பின்னால் பத்துக் கை செருப்பை நீட்டின. அவர்களை அப்போதே மறந்துவிட்டேன். என்னிடம் எதையும் விட்டுவிட்டுப் போகாதவர்களை நான் எதை வைத்து நினைப்பது?

சாயங்காலம் மலை மேல் கறுத்துக்கொண்டு வந்தது. நெட்டை விசில் ஊதி ஊதி எல்லோரையும் மேலே விரட்டினான். செருப்பு கொடுத்துக் கொடுத்துக் கை சலித்தது. கடைசி வில்லையையும் ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். கடைசித் தட்டில் அது இருந்தது. ஈரம் மட்டும் இல்லை, இந்தத் தடவை தட்டிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. செம்மண் கலந்த தண்ணீர்.

சங்கிலி சத்தம் கேட்டது. "ரேக் காலியா?"

செருப்பைச் சாக்கில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "காலி" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் கேட்டை இழுத்தான்.

ஈரம் சாக்கைத் தாண்டி என் துணியில் ஏறியது. அப்போதுதான், ஏன் அப்போது தோன்றியது என்று தெரியவில்லை, வெள்ளை ஷூ கண்ணுக்குள் வந்தது. அந்தப் பை ஏறி வரவில்லை. இத்தனை பேர் கையிலும் தோளிலும் எத்தனையோ ஏறி வந்தன, அந்தப் பை வரவில்லை. அடுத்து போட்டோகாரன் கழுத்தில் தொங்கிய பூட்ஸ். அடுத்து குடிகாரனின் வெறுங்கால். ஒவ்வொரு தடவையும் என் ரேக் காலியாக இருந்தது, கீழே ஆள் இருந்தது. என் ரேக்குக்குத் தெரியாத ஆளுக்கெல்லாம் இந்த மனுஷன் தன் செருப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மகனைக் கூப்பிடவில்லை. வேலை பார்த்திருக்கிறார். செத்தும் வேலை பார்க்கிற மனுஷனை நான் பாலத்திலிருந்து கல்லைக் கட்டி எறிந்திருக்கிறேன்.

கீழே அருவியின் சத்தம் மாறியது. அந்த மாற்றம் எனக்குத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் மாறியது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், என் பிள்ளை என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவான். குப்பை என்று சொன்னவன் எப்படிப் போனால் எனக்கென்ன? அவன் பெண்டாட்டியின் கால் ஞாபகம் வந்தது. சின்னக் கால், குதிகாலில் புது ஷூ கடித்த சிவப்புக் காயம். வலித்தாலும் சொல்லாமல் நடந்திருப்பாள். அவளுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள்.

"டேய்" என்று கத்தினேன். "காலி இல்லடா."

செருப்பை எடுத்து ரேக்கில் வைத்தேன். அவன் வந்து பார்த்தான். பச்சை நூலை விரலால் தொட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பாவோடது."

"ஆமா. கீழ ரெண்டு பேர் இருக்காங்க. ஷூவைப் பையில போட்டுக்கிட்டுப் போனாங்க. அப்பாதான் சொல்றாரு. கேள்வி கேக்காம இறங்கு, ஆனா கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கு."

அவன் தன் செருப்பைக் கழற்றி அப்பன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். சர்க்கரை அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள்.

"கையில வியர்வையா இருக்குடி, நல்லாப் பிடி" என்றாள்.

"நீ பேசாம பிடி. உன் வாய்க்கும் சேத்துக் கயிறு வாங்கணும்."

கயிறு எங்கள் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. அவன் தலை வளைவில் மறைந்தது. அப்பன் மறைந்த அதே வளைவு. அதற்குப் பிறகு சத்தம்தான், வேறொன்றும் இல்லை. கயிறு நின்றது. இழுத்தது. தொய்ந்தது. தொய்ந்தபோது நான் கூப்பிடாத தெய்வம் இல்லை, திட்டாத தெய்வமும் இல்லை. "யோவ், பாத்துக்கய்யா, பாத்துக்கய்யா" என்று கடைசியில் அவரையேதான் கூப்பிட்டேன். கயிறு மறுபடி விறைத்தது. மேலே இழுக்க வேண்டுமென்றால் விட்டு விட்டு இழுப்பது எங்கள் ஏற்பாடு, அப்படியே இழுத்தான். நாங்கள் இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்தோம்.

முதலில் அவள் வந்தாள், படியில் நாலு காலால் ஏறிக்கொண்டு. பின்னால் புருஷன். அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். கடைசியில் நெட்டை. அவன் காலுக்குப் பின்னாலேயே செந்தண்ணீர் படியை மூடிக்கொண்டு வந்து, வளைவோடு நின்றது.

அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். "எதுக்கும்மா அடிச்சே?" என்று சிரித்தான். பல் தந்தி அடித்தது. "தெரியலடா" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

அவன் சங்கிலியை எடுத்தான். பழக்கதோஷம், வாயில் தானாக வந்துவிட்டது. "ரேக் காலியா?"

திரும்பிப் பார்த்தேன். அவன் செருப்புக்குப் பக்கத்தில் டயர் செருப்பு அப்படியே இருந்தது. முனை சுவரைப் பார்த்திருந்தது.

அவனும் பார்த்தான். "இன்னும் ஆள் இருக்கும்மா" என்று கயிற்றைத் தேடினான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் கேட்டேன். "உங்ககூட வேற யாராவது வந்தாங்களா?"

"இல்லைங்க, நாங்க ரெண்டு பேர்தான்" என்றான் புருஷன். அவள் போர்த்தியிருந்த சாக்குக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டே சொன்னாள். "அந்த இன்னொருத்தர் ஏறிட்டாரா? தண்ணி வந்தப்ப எதிர்ப் பாறையில நின்னு, நகராதீங்க நகராதீங்கன்னு கையைக் காட்டிக்கிட்டே இருந்தாரே. நாங்க ஓடத்தான் பாத்தோம். ஓடியிருந்தா அப்பவே போயிருப்போம். வயசானவரு. வெறுங்காலு."

சர்க்கரை அவர்கள் இருவரையும் மெதுவாகக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் போகட்டுமாம்மா?" என்று மகன் கேட்டான். சின்ன வயதில் அப்பாவோடு போகக் கேட்பானே, அந்தக் குரல்.

"வேண்டாம். அவருக்குப் படி தெரியும். நீ கேட்டை மட்டும் மூடாத."

நான் ரேக்குக்கு முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். இவருக்கு வைக்கவில்லை. பையில் முடிந்து ஆணியில் மாட்டிவிட்டேன். செருப்பை எடுத்து என் துணியால் துடைத்தேன். பச்சை நூலை நேராக்கினேன். முனையை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தேன்.

"ஏங்க" என்றேன். "எல்லாரும் ஏறிட்டாங்க. கீழ யாரும் இல்ல. நீங்களும் வாங்க. போதும்ங்க."

அருவி இரைந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் போகப் போகப் படிகள் ஒவ்வொன்றாக மங்கின. அப்புறம் அந்த இரைச்சலுக்குள் எனக்குப் பழகிய சத்தம் கேட்டது. வழுக்குப் படியில் ஒருவர் அலுத்துப்போய் ஏறி வருகிற ஈரக்கால் சத்தம். நான் நிமிரவில்லை. எனக்குக் கால்தான் தெரியும். ரேக்குக்கு முன்னால் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வலது பெருவிரல் நகம் சொத்தை. நான் மருந்து போடச் சொல்லிச் சொல்லி, கடைசிவரை போடாத நகம். குனியாமல், நிதானமாக, இரண்டு காலும் செருப்புக்குள் நுழைந்தன.

நிமிர்ந்து பார்த்தபோது தட்டில் ஈரம் மட்டும்தான் இருந்தது. கேட்டருகே என் மகன் கதவை நன்றாக அகலத் திறந்து, ஒதுங்கி வழிவிட்டு நின்றிருந்தான். கண் யாரையோ பின்தொடர்ந்து சாலைவரை போனது.

பிறகு, என்னைக் கேட்காமலே, கேட்டை மூடினான்.